என்.டபிள்யூ. தகடும் எங்கள் ஊரும்



போன ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றலில் நின்ற மோட்டார் சைக்கிள்களைச் சும்மா ஒரு பார்வை பார்த்தோம். பாதிக்கு மேல் இன்னும் என்.டபிள்யூ. தகடுகள்தான். மீள்குடியேறி பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. வீடு கட்டியாயிற்று, பிள்ளைகள் முசலியில்தான் படிக்கிறார்கள். வண்டி மட்டும் இன்னும் வடமேல் மாகாணத்தில் குடியிருக்கிறது. "தகட்டில என்ன சேர் இருக்கு, ஓடினாச் சரிதானே" என்றார் ஒரு தம்பி. அவருக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் நீளமாக இங்கே எழுதுகிறோம்.

நம் நாட்டில் இலக்கத் தகடு ஒருபோதும் வெறும் இலக்கமாக இருந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து எடுத்த எழுத்துகள் இருந்தன: சீ.ஈ., சீ.என்., ஈ.எல்., ஈ.வை. என்று. அந்த எழுத்துகளால் யாருக்கும் கோபம் வரவில்லை. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்த வருடம் 1957 ஜனவரியில் ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு சிங்கள 'ஸ்ரீ'யைப் போட்டார்கள். தமிழரசுக் கட்சியினர் வடக்கு கிழக்கில் தமிழ் 'ஸ்ரீ' எழுதிய தகட்டோடு ஓடி எதிர்ப்புக் காட்டினார்கள். (இரண்டு ஸ்ரீயும் சமஸ்கிருதத்தில் இருந்து வந்ததுதான். தமிழில் அதை எழுதுவதே கிரந்த எழுத்தில். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.)

அதே 1957 ஜூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பிராந்திய சபைகள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சபைகளுக்கு வரி அறவிடும் அதிகாரமும் கடன் வாங்கும் அதிகாரமும் அதில் சொல்லப்பட்டிருந்ததைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு பிரதேசத்தில் எடுத்த காசை அந்தப் பிரதேசமே செலவழிக்கலாம் என்ற யோசனை அப்போதே கடதாசியில் இருந்தது.

1958 தொடக்கத்தில் பஸ்கள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. மார்ச்சில் அந்தப் பஸ்களைச் சிங்கள ஸ்ரீ தகட்டோடு வடக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்ரீக்குத் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9 ஆம் திகதி பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் கலவரம். ஒப்பந்தம் முறிந்ததற்கு ஸ்ரீ மட்டும் காரணமில்லை, பிக்குமாரின் எதிர்ப்பும் கட்சி அரசியலும் இருந்தன. ஆனாலும் ஒரு தகட்டு எழுத்தைப் பற்றிய சண்டைக்கு நடுவில்தான் பிராந்தியங்களுக்கு வரவிருந்த வரி அதிகாரம் போனது.

அது திரும்பி வர ஏறத்தாழ முப்பது வருடம் எடுத்தது. 1987 நவம்பரில் 13 ஆவது திருத்தம் நிறைவேறி, அடுத்த வருடம் மாகாண சபைகள் வந்தன. சில வருமானங்கள் மாகாணத்துக்கு எழுதி வைக்கப்பட்டன. மொத்த, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரி, காணி மற்றும் வாகனக் கைமாற்றத்தின் முத்திரைத் தீர்வை, அவற்றோடு மோட்டார் வாகன அனுமதிக் கட்டணம். நாம் வருடாவருடம் கட்டும் லைசன்ஸ் காசு அதுதான். வாகனத்தைப் பதிவது கொழும்பிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டப்படி அது மத்திய அரசின் வேலை. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தின் காசு மாகாணத்துக்கு உரியது. ஒரே வண்டிக்கு இரண்டு எஜமான்.

அதற்கு மூன்று வருடத்துக்குள் எமக்கு நடந்தது ஊருக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் மன்னாரில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வடக்கின் மற்ற இடங்களில் இருந்தும் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். உழவு இயந்திரம், லொறி, சைக்கிள் எல்லாம் அங்கேயே நின்றது. எங்கள் மூத்தவர் ஒருவர் உழவு இயந்திரத்தை விட்டுவிட்டு அதன் பதிவுப் புத்தகத்தை மட்டும் சாரனுக்குள் செருகிக்கொண்டு வந்தார். இன்றும் அவரிடம் இருக்கிறது. இயந்திரம் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது.

ஆகவே புத்தளத்தில் புதிதாகத்தான் வண்டி வாங்கினோம். 2000 ஆம் ஆண்டில் தகட்டுக்கு ஆங்கில எழுத்துத் தொடரும் கூடவே மாகாண எழுத்தும் வந்தபோது நாம் என்.டபிள்யூ. ஆனோம். லைசன்ஸ் காசு குருநாகலில் இருக்கும் மாகாண சபைக்குப் போனது. அதில் தவறில்லை. அந்த மாகாணம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தியமும் தந்தது. அதை மறந்தால் நாம் நன்றி கெட்டவர்கள்.

2009 க்குப் பிறகு திரும்பி வந்தபோதுதான் அந்த இரண்டு எழுத்தும் கனத்தது. புத்தளத்தில் இருந்து அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாருக்கு வந்தால் மூன்று மாகாணம் கடக்க வேண்டும். சோதனைச் சாவடியில் தகட்டைப் பார்த்ததும் "எங்கே போறீங்க?" என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு அலுவலகத்தில் காணி விடயமாகப் போன எம்மவர் ஒருவரிடம், வெளியே நின்ற வண்டியைக் காட்டி, "நீங்க புத்தளம் ஆக்கள்தானே" என்று கேட்டதும் நடந்தது. பிறந்த பதிவு மன்னார், உறுதி மன்னார், ஆனால் தகடு வேறு சாட்சி சொன்னது.

மாற்றலாம்தானே என்று கேட்பீர்கள். அப்போது வேறு மாகாணத்தவருக்கு வண்டி கைமாறினால் இலக்கம் அதேதான், எழுத்துக்காகப் புதுத் தகடு எடுக்க வேண்டும். கட்டணம், அலைச்சல், தகடு வரும்வரை காத்திருப்பு. கூலிக்குப் போகிறவர் அதற்கு இரண்டு நாள் உழைப்பை இழக்க மாட்டார். 2023 ஜனவரியில் புதுத் தகடுகளில் மாகாண எழுத்து தேவையில்லை என்று அறிவித்தார்கள். எங்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஆனால் எழுத்து போனதோடு காசு போகும் வழி மாறிவிடவில்லை. தகட்டில் தெரியாவிட்டாலும் லைசன்ஸ் ஏதோ ஒரு மாகாணத்தில்தான் கட்டப்படுகிறது. 2011 இல் மாகாணப் புரள்வு வரியை நிறுத்தி, பதிலாக மத்திய அரசின் தேசக் கட்டுமான வரியில் மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார்கள். அந்த வரியையே 2019 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். மாகாணம் தானே அறவிடும் வருமானத்தில் வாகன லைசன்ஸுக்கு உள்ள இடம் அதனால் பெரிதானது. மாகாணச் செலவின் பெரும்பகுதி திறைசேரியில் இருந்துதான் வருகிறது, லைசன்ஸ் காசால் மட்டும் பாடசாலை ஓடவில்லை. இருந்தாலும் சிலாவத்துறையில் ஓடி, இங்குள்ள மாகாண வீதியைத் தேய்த்துவிட்டு, காசை மட்டும் குருநாகலுக்குக் கட்டிக்கொண்டு, வீதி சரியில்லை என்று பதிவு போடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அங்கேயும் வீடு வைத்து வாரத்தில் பாதி நாள் புத்தளத்தில் இருப்பவர்களைச் சொல்லவில்லை, அவர்களின் கதை வேறு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது. அதோடு தேர்தல் நின்றுபோனது. ஆளுநர்தான் நடத்துகிறார். நாம் கட்டும் லைசன்ஸ் காசு எங்கே போகிறது என்று சபையில் எழுந்து கேட்க ஒரு உறுப்பினர் இல்லை. ஆகவே மாற்றிக் கட்டுங்கள் என்று சொல்லும்போதே, யாரிடம் கணக்குக் கேட்பது என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் எம்மிடம் பதிலில்லை.

இந்த வருடம் லைசன்ஸ் முடிகிறவர்கள் பழைய அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ், பதிவுப் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றை எடுத்து வையுங்கள். முகவரி மாற்றும் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நூலகத்துக்கு வாருங்கள். நாங்கள் அங்கே இருப்போம்.