மேற்படி

பழைய காணி உறுதிகளைப் பார்த்திருப்பீங்க. ஆளின்ட பேரையும் ஊரையும் ஒருமுறை முழுசா எழுதின பிறகு, அடுத்த இடத்தில 'மேற்படி' என்டு ஒரு சொல்லோட முடிச்சிடுவாங்க. அதுக்கும் பொறுமை இல்லாத கணக்கப்பிள்ளைமாருக்காக ஒரு குறியே இருந்தது: ௸. 2003இல் வந்த யுனிகோட் 4.0 அதைச் சேர்த்துக்கொண்டது.

கணினிக்கும் இந்தத் தேவை ஆரம்பத்திலேயே வந்தது. 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் இயங்கத் தொடங்கியபோது, ஒரே கணக்கை ஒவ்வொரு நிரலிலும் புதிதாக எழுதுவது வீண்வேலை என்று டேவிட் வீலரும் கூட்டாளிகளும் கண்டார்கள். அடிக்கடி தேவைப்படும் துண்டுகளைத் துளையிட்ட நாடாக்களில் சேமித்து ஒரு நூலகமே வைத்தார்கள். துணைநிரல் பிறந்த கதை இதுதான்.

2001இல் முன்வைக்கப்பட்ட யாமல் என்ற எழுத்துமுறை 'மேற்படி'யை அப்படியே எடுத்துக்கொண்டது (எங்கட கணக்கப்பிள்ளைமாரிட்டக் கேட்கவில்லை!). ஒரு பகுதிக்கு நங்கூரம் என்டு பேர் வச்சிட்டு, பிறகு நட்சத்திரக் குறியோட அந்தப் பேரைச் சொன்னாப் போதும்.

இப்ப பனிச்சங்கேணியில ஒரு வீட்டை நினைச்சுக்கொள்ளுவம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உப்புக்காத்து சென்சரைச் சும்மா விடாது, அடிக்கடி மாத்த வேணும். கிணத்தடி, தண்ணித்தாங்கி, அரிசி அறை என்டு ஆறு இடத்தில ஆறு சில்லு. 2013இல் பாவ்லுஸ் ஸ்ஹவுட்டன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட்டும், 2018இல் ஒட்டோ விண்டர் தொடங்கி இன்டைக்கு ஈஎஸ்பிஹோம் என்டு அறியப்படுறதும் இப்படியான வீட்டுக்குத்தான். ஈஎஸ்பிஹோமில அமைப்புகளை யாமலில்தான் எழுதுறது, ஹோம் அசிஸ்டன்ட்டிலயும் யாமலில எழுதலாம். ஆறு கோப்பிலயும் அதே வைஃபை கடவுச்சொல், அதே வரிகள். ரவுட்டரில கடவுச்சொல் மாறினா ஆறையும் திருத்த வேணும். ஒண்டு விடுபட்டா அந்தச் சில்லு சத்தமில்லாமக் காணாமப் போகும். அது கிணத்தடிச் சில்லா இருந்து, அடைமழையில தண்ணி ஏறினா?

நங்கூரம் இதுக்குப் போதாது. அது ஒரு கோப்புக்குள்ள மட்டுந்தான் செல்லும். அதோட, இணைக்கும் குறி மேலோட்டமாத்தான் சேர்க்கும்: வடிகட்டிகளின் பட்டியலுக்கு ஒரு வரி கூட்டப் போனா, பழைய பட்டியல் முழுசாப் போயிடும். அதனால எங்களுக்கு ஈஎஸ்பிஹோமின் 'பேக்கேஜ்' முறைதான் பிடிச்சிருக்கு. பொதுவான வரிகள் ஒரே கோப்பில இருக்கும். ஒவ்வொரு சில்லும் தன்ட பேர், பின் எண் ரெண்டையும் மட்டும் சொல்லும். கடவுச்சொல்லுக்கு 'சீக்ரெட்ஸ்' என்டு தனிக்கோப்பு.

ஆனா எல்லாத்தையும் ஒரே அச்சில வார்க்கப் போகாதீங்க. அரிசி அறையில ஈரப்பதனைப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பார்த்தாச் சரி. கிணத்தடியில தண்ணி மட்டத்தை நிமிசத்துக்கு ஒருக்கா பார்க்க வேணும். அந்த வரியை மட்டும் ஒவ்வொரு சில்லின்ட கோப்பிலயும் கையால எழுதி விடுங்க.