டிரைவரைக் காணவில்லை

பிஎச்பியில் சின்னதாக ஓர் இணையதளம் எழுதி, அதை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு முதல்முறை இணைத்துப் பார்ப்பவர்களில் பலர் ஒரே வாசகத்தில் போய் முட்டிக்கொள்கிறார்கள்: "குட் நாட் ஃபைண்ட் டிரைவர்." டிரைவரைக் காணவில்லை. வண்டி நிற்கிறது, சாவி கையில் இருக்கிறது, பெட்ரோலும் போட்டாயிற்று. ஓட்டத்தான் ஆள் இல்லை என்பது போன்ற முறையீடு. விசாரித்தால் விஷயம் அற்பமாக இருக்கும். பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் 'பிடிஓ மைஎஸ்கியூஎல்' என்ற நீட்சிக்கான வரிக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி கிடக்கும். அந்தக் கோப்பில் அரைப்புள்ளி போட்ட வரி வெறும் குறிப்பு, கட்டளை அல்ல. அதை அழித்துவிட்டு சர்வரை மறுபடி தொடங்கினால் டிரைவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

யார் இந்த டிரைவர்? தரவுத்தளம் ஓடுகிற பொருளில்லையே, அதில் அவர் எதை ஓட்டுகிறார்?

ஆங்கிலத்தில் இந்தச் சொல் தொழுவத்திலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தின் 'டிரீஃபன்' என்ற வினைக்கு முன்னே தள்ளு, விரட்டு என்று பொருள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'டிரைவர்' எனப்பட்டவர் மந்தையைப் பின்னாலிருந்து விரட்டிச் சென்றவர். தமிழின் 'ஓட்டு' இதோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. மாட்டை ஓட்டுகிறோம், ஈயை ஓட்டுகிறோம், பேருந்தையும் ஓட்டுகிறோம். மூன்றுக்கும் ஒரே வினை. ஆனால் திருகாணியை முடுக்கும் கருவியும் ஆங்கிலத்தில் டிரைவர்தான், கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைத் தொலைவுக்கு அடிக்கும் மட்டையும் டிரைவர்தான். தமிழ் அந்த அளவுக்கு 'ஓட்டு' என்ற சொல்லை நீட்டவில்லை. திருகாணிக்குத் திருப்புளி என்று தனிச்சொல் வைத்துக்கொண்டது.

வண்டியை ஓட்டுபவருக்கோ தமிழில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. தேருக்கு வலவன், யானைக்குப் பாகன், மாட்டுவண்டிக்கு வண்டிக்காரர். தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் ஓட்டுநர், பேச்சில் டிரைவர். இலங்கையில் சாரதி. தமிழ்நாட்டார் ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் யாழ்ப்பாணத்தார் சாரதி அனுமதிப்பத்திரம் வாங்குகிறார். இவர்களில் டிரைவரைத் தவிர ஒருவர்கூடக் கணினிக்குள் நுழையவில்லை என்பதைப் பிறகு பார்க்கலாம்.

மனிதரைக் குறித்த ஆங்கிலச் சொல் கருவிக்கு இடம் மாறியது மின்னணுவியலில். வால்வு ஒலிபெருக்கிகளின் காலத்தில், கடைசிக் கட்டத்துக்குப் போதுமான வலுவோடு சமிக்ஞையைத் தள்ளிவிடும் முந்தைய கட்டத்துக்கு 'டிரைவர் ஸ்டேஜ்' என்று பெயர். நீண்ட கம்பியில் சமிக்ஞை சோர்ந்துபோகாமல் தள்ளுவது 'லைன் டிரைவர்'. இங்கேயும் தொழுவத்து வேலைதான், மாட்டுக்குப் பதில் மின்னோட்டம். அங்கிருந்து மென்பொருளுக்கு ஒரே எட்டு. அச்சுப்பொறி, நாடா, வட்டு போன்ற சாதனங்களை வேலை வாங்கும் நிரல் 'டிவைஸ் டிரைவர்' ஆனது. யூனிக்ஸ் தன் சாதனங்களோடு எப்படிப் பேசுகிறது என்பதை விளக்கி டென்னிஸ் ரிட்சி 1970களில் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. நம் ஊர்க் கம்ப்யூட்டர் கடைகளில் "பிரிண்டருக்கு டிரைவர் போட்டாச்சா?" என்று கேட்பது இந்த மரபின் நேர் வாரிசு.

அதுவரை குழப்பமில்லை. சாதனத்தை ஓட்டலாம். தரவுத்தளம் சாதனமா?

ஐபிஎம்மின் சான் ஓசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவை அட்டவணைகளின் உறவாகப் பார்க்கும் மாதிரியை 1970இல் வெளியிட்டார். 1974இல் அதே நிறுவனத்தின் டான் சேம்பர்லினும் ரே பாய்ஸும் அதற்கொரு வினவல் மொழியை முன்வைத்தார்கள். 'சீக்வெல்' என்று பிறந்து எஸ்கியூஎல் என்று சுருங்கியது அதுதான். மொழி ஏறக்குறைய ஒன்றானாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் தரவுத்தளத்துக்குப் போகும் வாசலைத் தன் விருப்பப்படி கட்டியது. ஆரக்கிளுக்கு எழுதிய நிரல் சைபேஸிடம் செல்லுபடியாகவில்லை.

இந்தத் தொல்லையின் வடு ஸ்கிரிப்ட் மொழிகளின் பெயர்களிலேயே பதிந்திருக்கிறது. லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல், நான்காம் பதிப்பு வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி நூலகம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாத மொழியாக இருந்தது. ஆரக்கிளோடு பேச வேண்டுமென்றால் ஆரக்கிளின் நூலகத்தையும் சேர்த்துப் பெர்லையே புதிதாகத் தொகுக்க வேண்டும். அப்படிப் பிறந்தது 'ஆராபெர்ல்'. சைபேஸுக்கு 'சைப்பெர்ல்', இங்க்ரெஸுக்கு 'இங்பெர்ல்'. தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பெர்ல்! ஊருக்கு ஊர் பேருந்தின் எஞ்சினையே மாற்றிக்கொண்டு பயணம் செய்த காலம் அது. டிரைவர் என்ற பேச்சே அங்கு இல்லை, ஏனென்றால் தனியே கழற்றி மாட்ட ஒன்றும் இல்லை.

1992இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மைக்ரோசாஃப்ட், எஸ்கியூஎல் ஆக்ஸஸ் குரூப் என்ற கூட்டமைப்பு வகுத்துவந்த பொதுத் தரவுத்தள இடைமுகத்தை ஒட்டி ஓடிபிசியை வெளியிட்டது. அதே ஆண்டு பெர்ல்காரர்கள், எல்லாத் தரவுத்தளத்துக்கும் பொதுவான ஓர் இடைமுகம் வேண்டுமென்று கூடிப் பேசத் தொடங்கினார்கள்.

ஓடிபிசிதான் 'டிரைவர்' என்ற சொல்லைத் தரவுத்தளத்தின் தலையில் நிரந்தரமாகக் கட்டியது. விண்டோஸுக்கு முன், டாஸ் காலத்தில், வேர்ட்பெர்ஃபெக்ட் போன்ற சொல்செயலி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான அச்சுப்பொறிகளுக்கான டிரைவர்களைத் தானே சுமந்து திரிந்தது. விண்டோஸ் அந்தச் சுமையை வாங்கிக்கொண்டது: அச்சுப்பொறிக்கு ஒரு டிரைவர், அதை எல்லாச் செயலிகளும் பகிர்ந்துகொள்ளலாம். ஓடிபிசியின் அமைப்பும் அதே வார்ப்புதான். மேலே செயலி, கீழே தரவுத்தளத்துக்கு ஒரு டிரைவர், நடுவில் எந்த டிரைவரை அழைப்பது என்று பார்த்துக்கொள்ளும் 'டிரைவர் மேனேஜர்'. விண்டோஸ் 3.1இன் கண்ட்ரோல் பேனலில் அச்சுப்பொறிக்கு ஒரு படம் இருக்கும். ஓடிபிசியை நிறுவினால் அதற்கும் அங்கேயே ஒரு படம் முளைக்கும். ஆரக்கிளும் சைபேஸும், செருகிக் கழற்றக்கூடிய இன்னொரு அச்சுப்பொறியாகிவிட்டன. பெரும் பணம் கொடுத்து வாங்கிய தரவுத்தளத்துக்கு இது கௌரவக் குறைவுதான். நிரல் எழுதுபவருக்கு விடுதலை.

பெர்ல் பக்கம் வேலை மெல்ல நகர்ந்தது. 1994இல் வந்த பெர்ல் 5, ஓடும்போதே மாட்யூல்களை ஏற்றிக்கொள்ளக் கற்றிருந்தது. அதன் மேல் டிம் பன்ஸ் கட்டியது டிபிஐ. நிரல் டிபிஐயோடு மட்டும் பேசும். டிபிஐ உரிய 'டிபிடி'யை அழைக்கும். கடைசி 'டி' டிரைவரைக் குறிக்கிறது. டிபிடி ஆரக்கிள், டிபிடி மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸுக்கு டிபிடி பிஜி என்று வரிசை நீண்டது. தரவுத்தளத்தை மாற்ற வேண்டுமென்றால் இணைப்புச் சரத்தில் நடுவிலுள்ள பெயரை மாற்றினால் போதும் என்பது கனவு. நடைமுறையில் எஸ்கியூஎல் வட்டார வழக்குகள் காலை வாரிவிடும். ஆனாலும் பெர்லைப் புதிதாகத் தொகுப்பதோடு ஒப்பிட்டால் அது சொர்க்கம். பழைய ஆராபெர்ல் நிரல்களைக் கைவிடக்கூடாது என்று டிபிடி ஆரக்கிளுக்குள் அதே பெயரில் ஒரு போலி மாட்யூலும் வைக்கப்பட்டது. 2005 நவம்பரில் பிஎச்பி 5.1உடன் வந்த பிடிஓவும் இதே வழியில் போனது. "டிரைவரைக் காணவில்லை" என்று சொல்வது அதுதான்.

இனி, அந்த டிரைவர் உண்மையில் என்ன செய்கிறார்? மைஎஸ்கியூஎல்லின் 3306ஆம் வாயிலில் போய் நின்றால் முதலில் வாய் திறப்பது சர்வர். தன் பதிப்பு எண்ணையும் ஒரு தற்செயல் எண்கோவையையும் அனுப்பும். கடவுச்சொல்லை அந்தக் கோவையோடு கலந்து அரைத்துத் திருப்பி அனுப்புவது டிரைவரின் பொறுப்பு. போஸ்ட்கிரஸின் 5432இல் மரியாதை தலைகீழ்: வந்தவர்தான் முதலில் பேச வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நான்கு பைட் தலைப்பு, மூன்று நீளத்துக்கு, ஒன்று வரிசை எண்ணுக்கு. போஸ்ட்கிரஸில் சாதாரண வினவல் 'க்யூ' என்ற ஓரெழுத்தோடு தொடங்கும். பதில் வந்தபின் இன்னொரு வேலை. எஸ்கியூஎல்லின் 'நல்', அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம், பெர்லுக்கு 'அன்டெஃப்' ஆக வேண்டும், பைத்தானுக்கு 'நன்' ஆக வேண்டும். ஒன்றுமில்லை என்பதைக்கூட அந்தந்த மொழியில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது ஓட்டுகிற வேலையல்ல. இரு தரப்புக்கும் நடுவே நின்று, யார் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்பதுவரை தெரிந்துவைத்துக்கொண்டு பேச்சை மாற்றித் தரும் வேலை. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த உத்தியோகம் இதற்குக் கிட்ட வரும்: துபாஷி. இரண்டு மொழி அறிந்தவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். டேட்டாபேஸ் டிரைவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் அமையவில்லை. யாரும் வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பெயரில் இருந்த பிசகு மற்றவர்களுக்கும் உறுத்தியிருக்கும் போலும். மைக்ரோசாஃப்டே 1996இல் ஓஎல்இ டிபியைக் கொண்டுவந்தபோது 'ப்ரொவைடர்' என்றது. மைஎஸ்கியூஎல் 'கனெக்டர்' என்று அழைத்தது. ரூபி ஆன் ரெயில்ஸ் 'அடாப்டர்' என்றது. பைத்தானின் 1999ஆம் ஆண்டு தரவுத்தள இடைமுக வரையறையில் ஆளும் சொல் 'மாட்யூல்'. ஆனால் ஆரக்கிளின் பைத்தான் இணைப்பு 2022இல் பழைய பெயரைக் கழற்றிவிட்டு 'பைத்தான்-ஆரக்கிள்டிபி' ஆனபோது, அதன் ஆவணங்கள் தன்னை டிரைவர் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டன. போஸ்ட்கிரஸின் நூலகப் பெயரான 'லிப்பிக்யூ'வில் இருக்கும் 'பிக்யூ', 1990களின் நடுவில் கைவிடப்பட்ட போஸ்ட்க்வெல் என்ற மொழியின் மிச்சம். மொழி போய்விட்டது, பெயர் இன்றும் உலகெங்கும் சர்வர்களில் கிடக்கிறது. இந்தத் துறையில் பெயர்கள் அவ்வளவு எளிதில் சாவதில்லை.

பிற மொழிகளும் தத்தம் ஓட்டுநரைத் தேடின. ஜெர்மானியர் 'டிரைபர்' என்றார்கள். அதே வேர், அதே மாடு விரட்டி. பிரெஞ்சுக்காரர் 'பிலோத்' என்று விமானியைக் கூப்பிட்டார்கள். மலாய் மொழியின் 'பெமாச்சு' குதிரையை விரைவுபடுத்தும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் வலவனும் சாரதியும் ஓட்டுநரும் ஒதுக்கப்பட்டு, 'இயக்கி' நிலைத்தது. ஒலிபெருக்கி, வழிகாட்டி போல இகர விகுதி பெற்று வந்த சொல். இயங்குவது கணினி, இயக்குவது இது.

உருவாக்கியவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். யட்சி என்பதன் தமிழ் வடிவம் இயக்கி. சிலப்பதிகாரத்தில் ஆயர்குல மாதரி, இயக்கிக்குப் பால் படையல் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கண்ணகியோடும் கோவலனோடும் வந்திருந்த துறவி கவுந்தியடிகளைக் காண்கிறாள். இயக்குதல் என்ற வினைக்கும் இவளுக்கும் உறவில்லை. வேறு வேரிலிருந்து வந்து ஒரே ஒலியில் நிற்கிறாள். தெற்கே போகப் போக இயக்கி இசக்கி ஆகிறாள். காற்றாலைகள் சுழலும் முப்பந்தலில் அவளுக்குப் பேர்பெற்ற கோயில் உண்டு. அந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளை மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பிஎச்பியின் பிழைச்செய்தியைத் தமிழாக்கி, "இயக்கியைக் காணல, பாட்டி" என்று சொன்னால், பாட்டி அமைப்புக் கோப்பைத் திறக்கச் சொல்லமாட்டாள். இந்த வருஷம் கொடைக்கு வரி கொடுத்தாயா என்றுதான் கேட்பாள்.