புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்

வடபால் நெல்வயலும் தென்பால் இரப்பர்த் தோட்டமுமாக விளங்கிய மாநிலம் கெடா. அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த சமவெளியில் மலாய் உழவர் நெல் விளைத்தனர். சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் தமிழர் பால் வெட்டினர். நெல்லுக்குப் பெயர் பெற்ற நாட்டில் வாழ்ந்தும், தோட்டத் தமிழர் நாடி உண்டது கடல் கடந்து இரங்கூனிலிருந்து வந்த புழுங்கல் அரிசியையே. இதனை வெறும் நாப்பழக்கம் என்று எண்ணுவார் உளர். மருத்துவ வரலாறு கூறுவதோ வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளரைக் கொன்றது. முதலில் பசி குன்றும். பின்னர்க் கால்கள் மரத்து வீங்கும். முடிவில் இதயம் தளரும். இது தொற்றுநோய் என்றும், நிலத்தின் நச்சாவி என்றும் பலர் கருதினர்.

நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன், மூன்று இனத்தாரின் உலைப்பானையையும் உற்று நோக்கினார். ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளரிசி உண்ட சீனர் நோயுற்றனர். அவ்வப்போது குற்றிய அரிசியை உண்ட மலாய்க்காரரும், புழுங்கல் அரிசி உண்ட தமிழரும் பெரும்பாலும் தப்பினர். வெள்ளரிசியில் நஞ்சு தோன்றுகிறது என்பது 1907இல் அவர் வெளியிட்ட நூலின் முடிபு. கண்டது மெய், காரணம் பிழை.

இக்கருத்தைச் சோதிக்க முனைந்தவர் பிளெட்சர் என்னும் மருத்துவர். 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோயர் விடுதியில் இருந்தோரை அவர் வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண்ணினர்க்கு ஒருவகை அரிசி. இரட்டை எண்ணினர்க்கு மற்றொன்று. இடமே நோய்க்குக் காரணமோ என்றறிய, இடையில் இரு கூட்டத்தாரின் கூடங்களையும் மாற்றினார். ஓராண்டில் வெள்ளரிசிக் கூட்டத்தில் 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசிக் கூட்டத்தில் பெரிபெரியால் ஒருவரும் மாளவில்லை. தம் இசைவைத் தெரிவிக்க இயலாத எளியோரின் உயிர்தான் அவ்வுண்மைக்கு விலையாயிற்று என்பதை வரலாறு மறத்தலாகாது.

பின்னர் 1907 முதல் பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் ஜெலபுப் பகுதியில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளர் முந்நூற்றுவரிடம் ஆய்ந்தனர். நோய்க்குக் காரணம் நஞ்சன்று, குறைபாடே என்றும், தீட்டும்போது தவிட்டோடு கழியும் ஒரு பொருளே உயிர்காப்பது என்றும் தெளிந்தனர். சாவகத்தில் ஐக்மன் கோழிகளிடம் கண்டதும் இதற்கு இயைந்ததே. அப்பொருளை 1926இல் பத்தேவியாவில் பிரித்தெடுத்தனர். இன்று அது உயிர்ச்சத்து பி1 எனப்படுகிறது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் இச்சத்தின் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அதன்பின் தீட்டினும் முற்றும் அகலாது. வேதியியல் அறியாத பெண்டிர் அடுப்படியில் காத்துவந்த முறை இது.

அவ்வடுப்படியின் மற்றொரு செல்வம் பழஞ்சோறு. சோறு ஆறும்போது அதன் மாவுப்பொருளில் ஒரு சிறு பகுதி சிறுகுடலில் செரியாத வடிவம் பெறுகிறது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து, குடற்சுவருக்கு ஊட்டமாகும் அமிலங்களைத் தருகின்றன. இரவில் நீரூற்றி வைத்த சோற்றின் புளிப்பும் நுண்ணுயிர்களின் செயலே. குடல்நலம் பற்றி இன்று ஆர்வத்தோடு கற்போர், பிரட்டுக்களத்திற்கு விடியுமுன் சென்றோரின் தூக்குச்சட்டியையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஆயினும், புழுங்கல் அரிசி எல்லாப் பிணியையும் தீர்த்ததெனக் கூறுவது மிகையாகும். முறைக்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் தோட்டத் தமிழரைப் பெரிதும் வருத்தின. நல்ல அரிசி பெரிபெரியைத் தடுத்தது. கெட்ட நீரையும் சேற்று நிலத்தையும் திருத்த அரிசியால் இயலாது.

முன்னோர் செய்தன யாவும் அறிவியல் என்பதும் பிழை. யாவும் அறியாமை என்பதும் பிழை. ஐயுற்று, ஒப்பிட்டு, எண்ணிப் பார்ப்பதே அறிவு. உண்ணும் சோற்றைக் கண்டு "ஏன்?" என்று வினவும் மாணவன் அவ்வழியில் முதலடி வைத்தவனாவான்.