எழுத்தெண்ணிப் படித்தல்: திருக்குறள் துணுக்குச் செய்திகள் பற்றிய ஒரு சோதனை

நூல் ஒன்றை ஐயந்திரிபறக் கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று பாராட்டுவது தமிழர் வழக்கு. பிற நூல்களுக்கு உயர்வு நவிற்சியாக நிற்கும் இத்தொடர் திருக்குறளுக்கு மட்டும் உண்மையாகவே பொருந்துகிறது. அந்நூலின் எழுத்துகளை எண்ணினர், சொற்களை எண்ணினர், அதில் வரும் மலர் எத்தனை, மரம் எத்தனை, வாராத எண் எது, வாராத எழுத்து எது என்றெல்லாம் தேடினர். அத்தேட்டத்தின் பயன் துணுக்குச் செய்திகளாக உருப்பெற்று, நாட்காட்டித் தாளிலும் தேர்வு வழிகாட்டியிலும் பட்டிமன்ற மேடையிலும் இடம் பிடித்தது. இன்று கைப்பேசி வழியே நாள்தோறும் வலம் வருகிறது.

இச்செய்திகளுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. எண்ணியவர் பெயர் அவற்றில் இராது. எந்தப் பதிப்பை வைத்து எண்ணினார் என்ற குறிப்பும் இராது. கேட்போர் வியப்பர், வியந்தோர் பிறர்க்கு உரைப்பர். வியப்புக்கும் அடுத்தவர்க்கு உரைத்தலுக்கும் இடையில் நூலைப் புரட்டிப் பார்த்தல் என்னும் ஒரு செயல் நிகழ வேண்டும். அது நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சில சான்றுகளால் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துணுக்கின் மரபு

இலக்கியம் பற்றிய சுவைச் செய்திகளைத் தொகுத்துப் பகிரும் விருப்பம் தமிழுக்குப் புதியதன்று. புலவர்களைப் பற்றிய கதைகள் தனிப்பாடல்களோடு ஒட்டி நெடுங்காலம் வாய்மொழியாக வாழ்ந்தன. அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் 'விநோதரச மஞ்சரி' 1876இல் வெளிவந்து அத்தகைய கதைகள் பலவற்றை உரைநடையில் நிலைபெறச் செய்தது. கம்பரும் ஒட்டக்கூத்தரும் காளமேகமும் பொதுமக்கள் உள்ளத்தில் இன்றுள்ள உருவைப் பெற்றதில் அந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர் வார, மாத இதழ்கள் பெருகியபோது பக்கத்தின் அடியில் எஞ்சிய இடத்தை நிரப்பத் துணுக்கு உதவியது. கதைக்கு இருந்த இடத்தை எண்ணிக்கை பெற்றது இக்காலத்தின் மாற்றம் எனலாம்.

கதையைக் கேட்பவர் அது கதை என்றறிந்தே கேட்பர். எண்ணிக்கையின் நிலை வேறு. அது ஆராய்ச்சியின் கோலத்தில் வருகிறது; ஆதலால் எளிதில் நம்பப்படுகிறது.

எழுத்தும் சொல்லும்

திருக்குறளில் அதிகாரங்கள் 133, குறட்பாக்கள் 1330. அறத்துப்பால் 380, பொருட்பால் 700, காமத்துப்பால் 250. குறள்வெண்பா எழுசீர் உடையதாகலின் மொத்தச் சீர்கள் 9310. இவற்றில் ஐயமில்லை. அகரத்தில் தொடங்கும் நூல் 'பெறின்' என்று னகர ஒற்றில் முடிகிறது என்பதும் உண்மையே. தமிழ் நெடுங்கணக்கின் முதலும் முடிவுமாகிய எழுத்துகள் நூலின் முதலும் முடிவுமாக நிற்பது இனிய செய்தியே.

இதற்கு அப்பால் 'சொற்கள் 14,000. எழுத்துகள் 42,194' என்கிறது துணுக்கு. முன்னது முழு எண். பின்னது துல்லியமான எண். துல்லியம் நம்பிக்கையைத் தருவது இயல்பு. ஆயினும் எழுத்தை எண்ணுமுன் விடை காண வேண்டிய வினாக்கள் சில உள. ஒற்றை எண்ணுவதா, விடுவதா? அடியின் எழுத்தை எண்ணுங்கால் ஒற்றை விலக்குவது தொல்காப்பியச் செய்யுளியல் காட்டும் நெறி. அந்நெறியில் எண்ணினால் தொகை பெரிதும் குறையும். அளபெடையில் வரும் உயிரைத் தனி எழுத்தாகக் கொள்வதா? புணர்ந்த சொல்லைப் புணர்ந்தவாறே எண்ணுவதா, பிரித்து எண்ணுவதா? பிரிக்குந்தோறும் எழுத்து மாறும், சொல்லும் மாறும். மணக்குடவர் முதலியோர் கொண்ட பாடங்களும் பரிமேலழகர் கொண்ட பாடங்களும் சிலவிடங்களில் வேறுபடுவதையும் கருத வேண்டும். எனவே 42,194 என்பது ஏதோ ஒரு பதிப்பின் எழுத்துத் தொகையாக இருக்கலாமேயன்றி, வள்ளுவர் நூலின் மாறாத இலக்கணம் ஆகாது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று. 'திருக்குறளில் மிகுதியாக வரும் எழுத்து னி. அது 1705 முறை வருகிறது' என்பது பல வழிகாட்டி நூல்களில் காணப்படுவது. அவ்வாறாயின் இருபது குறட்பாக்களில் அவ்வெழுத்து ஏறத்தாழ இருபத்தைந்து முறை வருதல் வேண்டும். கடவுள் வாழ்த்து, வான்சிறப்பு என்னும் முதலிரண்டு அதிகாரங்களை எடுத்துப் பார்ப்போர் காண்பது வேறு. 2, 19, 20ஆம் குறள்களில் 'எனின்' என்ற சொல்லிலும், 11, 20ஆம் குறள்களில் புணர்ந்து நிற்கும் 'வானின்று' என்ற தொடரிலுமாக ஐந்தே இடங்களில்தான் அவ்வெழுத்து உள்ளது.

அதே இருபது குறட்பாக்களில் 'ன்' என்னும் ஒற்றை எண்ணினால், புணர்ச்சி பிரிக்காத நிலையிலேயே முப்பது அளவில் வருகிறது. முதலில் எண்ணியவர் கண்டது 'ன்' ஆக இருக்கலாம் என்றும், படியெடுத்தோர் கையில் புள்ளி கொக்கியாக மாறி 'னி' ஆயிற்று என்றும் கருத இடமுண்டு. இருபது குறள் நூல் முழுமைக்கும் முடிந்த சான்றாகாது. ஆயின் கால்மணி நேரச் சோதனை ஒன்றைக்கூடச் செய்யாமல் இச்செய்தியை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர் என்பதற்கு அதுவே போதிய சான்று.

ஔகாரம் வாராமை

சோதனை எப்போதும் துணுக்கைப் பொய்யாக்கி விடுவதில்லை. 'திருக்குறளில் இடம்பெறாத ஒரே உயிரெழுத்து ஔ' என்பது அதற்கு எடுத்துக்காட்டு. பொறாமையைக் குறிக்கும் சொல்லை 'ஔவியம்' என்றும் 'அவ்வியம்' என்றும் எழுதலாம். அகரத்தை அடுத்து வகர ஒற்று வரின் அது ஔகாரம் போன்று ஒலிக்கும் என்பது நன்னூல் கூறும் இலக்கணம். அவ்வாறாயின் அழுக்காறாமை அதிகாரத்தில் வரும் அச்சொல்லை வள்ளுவர் எவ்வாறு அமைத்தார் என்ற வினா எழும்.

விடையை எதுகை தருகிறது. 169ஆம் குறளில் 'அவ்விய' என்ற முதற்சீருக்கு 'செவ்வியான்' என்னும் சீர் இயைந்து நிற்கிறது. 167ஆம் குறளில் 'அவ்வித்து' என்பதற்கு அடுத்த அடியின் 'தவ்வையை' எதுகையாகிறது. அலர் பற்றிய 1144ஆம் குறளில் 'கவ்வை' என்பதற்குத் 'தவ்வென்னும்' எதுகை. மூன்றிடத்தும் இரண்டாம் எழுத்தாக வகர ஒற்று வேண்டப்படுகிறது. ஔகாரமாக எழுதினால் அவ்வியைபு குலையும். ஆனால் 1143, 1147ஆம் குறள்களில் அதே சொல் அடியின் இடையில் வருகிறது. அங்கே எதுகையின் காவல் இல்லை. அதனால் 'கௌவை' என்றும் 'கவ்வை' என்றும் பதிப்புகள் வேறுபடுகின்றன. அசை பிரித்தாலும் இரண்டும் ஒன்றே. 'கௌவை' எனக் கொண்டால் ஔகாரம் உயிர்மெய்யில் உண்டு. 'கவ்வை' எனக் கொண்டால் அங்கும் இல்லை. எழுத்தின் தொகையும் ஒவ்வோரிடத்தும் ஒன்று கூடும்.

துணுக்கு இங்கே பெரும்பாலும் மெய்யாகிறது. ஆயினும் துணுக்கைக் கேட்டு வியந்தவர் பெறாத ஒன்றை அதனை வினவியவர் பெறுகிறார். ஓர் எழுத்தின் இன்மைக்குப் பின்னால் எதுகையின் ஆட்சி உள்ளது என்பது கவிஞர்க்குரிய செய்தியன்றோ?

மலரும் மரமும்

'திருக்குறளில் வரும் மலர்கள் இரண்டே. அனிச்சம், குவளை' என்பது மிகப் பரவிய செய்தி. அனிச்சம் 90, 1111, 1115, 1120ஆம் குறள்களிலும், குவளை 1114ஆம் குறளிலும் வருகின்றன. ஆனால் 1103ஆம் குறளில் 'தாமரைக் கண்ணான்' வருகிறானே! அது திருமாலைக் குறிக்கும் தொடர். மலரைக் கூற வந்ததன்று எனச் சிலர் விடை கூறலாம். அவ்வாறாயின் குவளையும் தலைவியின் கண்ணழகைக் கூற வந்ததேயன்றித் தன்னைக் கூற வந்ததன்று. குவளைக்கு ஒரு நீதி, தாமரைக்கு ஒரு நீதி என்பது பொருந்தாது.

'ஒரே விதை குன்றிமணி' என்பதும் இவ்வாறே. 277, 965ஆம் குறள்களில் குன்றி உண்டு. ஆயின் 104ஆம் குறளின் தினையும், 889ஆம் குறளின் எள்ளும் எவ்வகையைச் சேர்ந்தவை? 'மரங்கள் இரண்டு, பனை, மூங்கில்' என்னும் செய்தியில் பனை பெரும்பாலும் பெருமைக்கு அளவாகவே வருகிறது. மூங்கிலோ 906ஆம் குறளில் 'அமை' என்றும், 1113ஆம் குறளில் 'வேய்' என்றும் வேறு பெயர்களில் மறைந்து நிற்கிறது. பெயர் தெரியாதவர் அதனை எண்ணியிருக்க முடியாது. ஆகவே இத்துணுக்கை முதலில் ஆக்கியவர் நூலை நன்கு கற்றவர் என்பது தெளிவு. அவருக்குத் தாமரை தப்பியது. அவருக்குப் பின் வந்தோர் தேடவே இல்லை.

'தமிழ்', 'கடவுள்' என்னும் இரு சொற்களும் குறட்பாக்களில் இல்லை என்பது சரியான செய்தி. ஆயினும் முதல் அதிகாரத்தின் தலைப்பே 'கடவுள் வாழ்த்து'. தலைப்பு நூலின் உறுப்பா அன்றா என்ற வினாவை எழுப்புவதில்தான் இத்துணுக்கின் பயன் உள்ளது.

எண் விளையாட்டு

1330இன் இலக்கங்களைக் கூட்டினால் ஏழு. அதிகார எண்ணாகிய 133இலும் ஏழு. குறளின் சீரும் ஏழு. கணக்குச் சரி. ஆனால் வள்ளுவர் கருதியே செய்தார் என்னும் முடிவு சரியன்று. பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. 1330 என்பதனை '௲௩௱௩௰' என எழுதினர். இலக்கங்களைக் கூட்டும் இவ்விளையாட்டு, இடமதிப்பு முறையில் எண்ணை எழுதிப் பழகிய கண்ணுக்குத் தோன்றுவது.

கருதியே அமைத்த எண்ணுக்குச் சான்று வேண்டுமாயின் கன்னியாகுமரிக்குச் செல்லலாம். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, ஏனைய இரு பால்களின் அதிகாரங்கள். கணபதி ஸ்தபதி வகுத்த அமைப்பு அது. ஒன்று பின்னோர் கண்ட பொருத்தம். மற்றொன்று ஆக்கியோன் வைத்த பொருத்தம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே ஆராய்ச்சியின் தொடக்கம்.

போப்பின் கல்லறை

அச்சு, மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் துணுக்குகள் பல. திருக்குறள் 1812இல் தஞ்சையில் அச்சாயிற்று என்பர். ஆண்டு சரி, இடம் சென்னை. அச்சிட்ட ஞானப்பிரகாசன் தஞ்சை நகரத்து மலையப்ப பிள்ளையின் குமாரர் என்பதால் நேர்ந்த மயக்கம் இது. முதன்முதல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஜி.யு.போப் என்பர். 1794இல் கிண்டர்ஸ்லி சில பகுதிகளைப் பெயர்த்துவிட்டார். எல்லீசு, துரு, லாசரஸ் ஆகியோரும் போப்புக்கு முற்பட்டோர். 1886இல் நூல் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளில் தந்தமை போப்பின் பெருமை. அதுவே போதிய பெருமை.

ஆயின் போப்பைப் பற்றித் தமிழ்நாடு முழுதும் அறிந்த செய்தி வேறொன்று. தம் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' எனப் பொறிக்குமாறு அவர் வேண்டினார். அவ்வாறே பொறிக்கப்பட்டது என்பது அது. கேட்போர் கண்கலங்கும் செய்தி. 1908இல் மறைந்த போப்பின் கல்லறை ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் இடுகாட்டில் உள்ளது. அக்கல்லெழுத்தில் இத்தொடர் இல்லை.

அங்கு இருப்பது என்ன? போப் தென்னிந்தியாவுக்கு உரியவர் எனக் குறிக்கப்படுகிறார். பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தமை கூறப்படுகிறது. கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆற்றிய வாழ்நாள் உழைப்பைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் நாட்டிய கல் அது என எழுதப்பட்டுள்ளது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் இறந்த ஒருவரைத் தென்னிந்தியாவுக்கு உரியவர் என்று ஒரு கல் கூறுகிறது. கடல் கடந்த அக்கல்லுக்குத் தமிழர் தம் அன்பைச் சேர்த்திருக்கின்றனர். வழங்கிவரும் கதையில் போப் தமிழரை நினைக்கிறார்; கல்லில் தமிழர் போப்பை நினைக்கின்றனர். இவ்விரண்டில் எது பெரிது?

நிறைவாக

துணுக்கு இகழத்தக்கதன்று. நூலின் வாயிலில் ஒருவனைக் கொண்டு நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. வாயிலிலேயே அவன் நின்றுவிடுவதுதான் குறை. 'மலர்கள் எத்தனை?' என்னும் வினாவுக்கு 'இரண்டு' என விடை எழுதிய மாணவன் மதிப்பெண் பெறுகிறான். 1103ஆம் குறளைப் படித்து 'மூன்று' என எழுதியவன் இழக்கிறான். கற்றவனைத் தோற்கச் செய்யும் விடைத்தாள் மொழிக்குத் தொண்டு செய்வதாகாது. பொய்ப்பெருமை ஒன்று வெளிப்படும்போது அதனருகில் நிற்கும் மெய்ப்பெருமை பத்தும் ஐயத்துக்கு உள்ளாகும் என்பதும் எண்ணத்தக்கது.

எதனை யார் கூறக் கேட்டாலும் அதன் மெய்யைக் காண்பதே அறிவு என்று 423ஆம் குறள் விதிக்கிறது. அக்குறளை மேற்கோள் காட்டாத மேடை இல்லை. வள்ளுவரைப் பற்றி வழங்கும் செய்திகளுக்கும் அவ்விதி உரியதே. எழுத்தெண்ணிப் படித்தவர் என்னும் பட்டம் எண்ணைக் கேட்டவருக்கு உரியதன்று. நூலைத் திறந்து எண்ணியவருக்கே உரியது.