கிரிப்டோ வாலட், மைனிங் என்றால் என்ன? பணம் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

2024 ஜூலையில் 'வாசிர்எக்ஸ்' கிரிப்டோ தளம் ஹேக் செய்யப்பட்டு, சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. அந்தத் தளத்தில் சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி காயின் வாங்கியிருந்த ஒரு பெண்ணின் கணக்கும் முடங்கியது. ஹேக்கர்கள் எடுத்தது வேறு வகை காயின்கள். ஆனாலும் அவரால் தன் காயினைத் தொட முடியவில்லை.

அவர் தொடர்ந்த வழக்கில்தான், கிரிப்டோகரன்சியும் ஒரு சொத்துதான் என 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அவருடைய முதலீட்டுக்கு இடைக்காலப் பாதுகாப்பும் அளித்தது.

வாலட்டில் என்ன இருக்கும்?

பெயர்தான் வாலட், அதற்குள் காயின் இருக்காது. எல்லாக் கணக்கும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில்தான் இருக்கும். வாலட்டில் இருப்பது அதைத் திறக்கும் ரகசியச் சாவி.

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் காயினை வைத்தால் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கும். நிறுவனம் கதவைப் பூட்டினால் நீங்கள் வெளியேதான் நிற்க வேண்டும்.

சொந்த வாலட்டில் சாவி உங்கள் கையில். இணையத்தோடு இணைந்திருந்தால் அது ஹாட் வாலட். பென்டிரைவ் போன்ற தனிக் கருவியில், இணையத் தொடர்பு இல்லாமல் இருந்தால் கோல்டு வாலட். வாலட் தொடங்கும்போது தரப்படும் 12 அல்லது 24 சொற்களை பேப்பரில் எழுதி பத்திரமாக வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. போனும் போய் இந்தச் சொற்களும் தொலைந்தால் மீட்டுத் தர எந்த வங்கியும் வராது.

மைனிங் எப்படி நடக்கிறது?

பிட்காயின் பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துப் பேரேட்டில் சேர்க்க, உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் ஒரு கணக்குப் புதிருக்கு விடை தேடி ஓடுகின்றன. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் ஜெயிப்பார். பரிசு 3.125 பிட்காயின். 2024 ஏப்ரல் வரை இது 6.25 ஆக இருந்தது.

வீட்டில் செய்யலாமா?

இதற்கென்றே தயாரான மெஷின்களோடுதான் போட்டி. 3,500 வாட் இழுக்கும் ஒரு மெஷின் 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 84 யூனிட், இரண்டு மாத பில்லில் 5,040 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலே 50,000 ரூபாயைத் தாண்டும். அம்பத்தூர், ஆவடி வெயிலில் அந்த அறையைக் குளிர்விக்கும் செலவு தனி.

மொபைலில் பிட்காயின் மைனிங் செய்து சம்பாதிப்பது நடக்காத காரியம். எத்தீரியம் 2022 செப்டம்பரிலேயே மைனிங்கை நிறுத்திவிட்டது.

எங்கே உஷாரா இருக்கணும்?

"நீங்க பணம் மட்டும் போடுங்க, மைனிங்கை நாங்க பார்த்துக்கறோம்" என்பது பழைய வலை. 2015-ல் தொடங்கிய 'கெயின் பிட்காயின்' திட்டம், 18 மாதங்களுக்கு மாதம் 10% தருவதாகச் சொன்னது. கடைசியில் அது சிபிஐ விசாரணையில் போய் நின்றது.

வரி உண்டா?

கிரிப்டோவுக்கு இந்தியாவில் தடை இல்லை. ஆனால் அது ரூபாய் போல சட்டபூர்வ பணமும் இல்லை. லாபத்தில் 30% வரி, விற்கும்போது 1% டிடிஎஸ் உண்டு. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது.

ஏமாந்தால் என்ன செய்வது?

உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவிலும் புகார் தரலாம். பணம் அனுப்பிய ரசீது, சாட், வாலட் முகவரி எதையும் அழித்துவிடாதீர்கள்.