அசைவுகளைத் தேடிய அம்மையார்

நேயர்களே, நாட்டியம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் அடவுகளைக் கற்றுக் கொடுக்கிறார். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையோ தஞ்சை நால்வர் காலத்தில், அதாவது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், செப்பம் பெற்றது. ஆடுபவருக்கு எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் இதற்கு முன் இல்லாத ஒரு நடனத்தை ஆக்க ஒருவர் முனைந்தால், அதற்குரிய அசைவுகளை அவர் எங்கே போய்த் தேடுவார்? பாட்டு இல்லை, கதை இல்லை, உடல் ஒன்றுதான் இருக்கிறது என்றால் எங்கிருந்து தொடங்குவது? சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா அம்மையாரின் வரலாற்றைக் கொண்டு இதனை இன்று நாம் ஆராய்வோம்.

இவர் 1928ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்தில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டப் படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து, நட்டுவனார் காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்றார். 1952ஆம் ஆண்டு அரங்கேற்றம் நடந்தது. இராயலசீமைப் பகுதி அப்போது கொடிய வறட்சியில் வாடிக்கொண்டிருந்தது. அரங்கேற்றமே அந்த மக்களின் துயர் துடைப்பு நிதிக்காகத்தான். மேடையில் அவர் யமுனை ஆற்றில் பெண்கள் நீராடித் திளைப்பதை அபிநயித்துக் கொண்டிருந்தார். கைகளில் நீர் பெருகி ஓடுகிறது. திடீரென்று அவர் மனக்கண் முன் நாளிதழ்களில் பார்த்த படங்கள் வந்து நின்றன. வெடித்துப் பிளந்த நிலம்! சிறு தகரக் குவளைகளை ஏந்தித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் மக்கள்! அந்தக் கணத்தில் தாம் உறைந்து போனதாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கலை இங்கே, வாழ்க்கை அங்கே என்று இரண்டும் பிரிந்து கிடப்பதை அன்று கண்டார்.

உடனே அவர் சலங்கையைக் கழற்றி எறிந்துவிடவில்லை. சில ஆண்டுகள் ஆடினார். பிறகு பெரும்பாலும் மேடையை விட்டு விலகி, எழுத்திலும் ஓவிய வடிவமைப்பிலும் பெண்கள் இயக்கத்திலும் ஈடுபட்டார். 1984ஆம் ஆண்டு பம்பாயில் கிழக்கு, மேற்கு நாட்டு நடனக் கலைஞர்கள் கூடிய சந்திப்பு ஒன்றுதான் அவரை மீண்டும் நடனத்துக்கு அழைத்து வந்தது. மறு ஆண்டு, 1985இல், ‘அங்கிகா’ பிறந்தது.

பெயரைக் கவனியுங்கள். அபிநயம் நான்கு வகை என்பர்: உடலால் ஆவது ஆங்கிகம், சொல்லால் ஆவது வாசிகம், ஆடை அணிகளால் ஆவது ஆகாரியம், உள்ள உணர்வால் ஆவது சாத்துவிகம். அம்மையார் முதலாவதைக் கையில் எடுத்துக்கொண்டார். தலைசாமானும் ஒட்டியாணமும் விடை பெற்றன. ஆடுவோர் எளிய சேலையில் வந்தார்கள். (நம் ஊர் அரங்கேற்றங்களில் நகைக்கும் உடைக்கும் ஆகும் செலவை எண்ணிப் பார்க்கும் பெற்றோருக்கு இது நல்ல செய்தியாகவே இருக்கும்!)

இனி, அசைவுக்கு எங்கே போனார் என்று பார்ப்போம். முதலில் தாம் கற்ற அரைமண்டிக்கே திரும்பினார். முழங்கால்கள் இருபுறமும் விரிய, முதுகு நிமிர, பாதி அமர்ந்த நிலை அது. அடவு ஆடும்போது அதை நாம் தொடக்க நிலையாக மட்டுமே கருதுகிறோம். கால் தட்டுகிறது, கண்ணும் காதும் தாளத்தின் பின்னே ஓடிவிடுகின்றன. அந்த நிலையிலேயே நெடுநேரம் நின்றால் என்ன தெரிகிறது? தொடைகளும் முழங்கால்களும் கோடுகளாகின்றன, முக்கோணமும் சதுரமும் தோன்றுகின்றன, உடல் ஒரு மண்டலமாகிறது. இதனை அவர் தம் நடனத்தின் அச்சாகக் கொண்டார்.

அடுத்துக் கேரளத்துக் களரிப்பயிற்று. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, மயில் முதலிய விலங்குகளின் பெயரால் அதில் வடிவுகள் உண்டு. அவையும் இடுப்பைத் தாழ்த்தி மண்ணைப் பற்றி நிற்பவையே. நம் நாட்டில் சீலாட் பயிலும் இளைஞர்களைப் பாருங்கள். ‘குடா-குடா’ என்னும் நிலையைத்தான் முதலில் பழகுகிறார்கள். போர் வீரனுக்கும் ஆடுபவருக்கும் நிலம் ஒன்றே போலும். மூன்றாவது ஊற்று யோகாசனம். அங்கே மூச்சுத்தான் தாளம்.

இம்மூன்றையும் ஒரு பாத்திரத்தில் கொட்டிக் கலக்கினால் நடனம் ஆகிவிடுமா? ஆகாது. அப்படிக் கலந்தவர்கள் பலர். அவற்றை நாம் மறந்தும் விட்டோம். அம்மையார் இவற்றுக்குப் பொதுவானதைத் தேடினார். இடுப்பின் தாழ்வு, முதுகெலும்பின் நேர்மை, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் விதம், இவையே அவருக்கு வேண்டியிருந்தன. வேகத்தைக் குறைத்தார், மிக மிகக் குறைத்தார். வேகமாக ஆடும்போது மறைந்துவிடும் இடைநிலைகள் அப்போது வெளிப்பட்டன. அவையே புதிய அசைவுகள் ஆயின.

1989இல் வந்த ‘லீலாவதி’ பாஸ்கராசாரியாரின் 12ஆம் நூற்றாண்டுக் கணித நூலை ஒட்டியது. கணக்கையும் ஆடிக் காட்டலாம் என்று காட்டிய அந்தப் படைப்பில் விளையாட்டுத் தன்மை மிகுதி. நமக்கு மிகவும் உவப்பானது அதுவே. 1990இல் ‘பிராணா’ மூச்சையும் ஆசனங்களையும் நவக்கிரகங்களோடு இணைத்தது.

இது பரதமே அன்று என்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் கூற்றை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பாவத்தையும் பாட்டையும் எதிர்பார்த்து வருபவருக்கு ஏமாற்றம் நேர்வது இயல்பே. ஆனால் அடவின் எலும்புக்கூட்டை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2001ஆம் ஆண்டின் ‘சரீரா’ அவருடைய இறுதிப் படைப்பு. குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசை. மேடையில் ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் பல ஆண்டுகள் ஆடிய திஷானி தோஷி ஒரு கவிஞர். சிறு வயது முதல் சலங்கை கட்டி வளர்ந்தவர் அல்லர். உடன் ஆடிய ஷாஜி ஜான் களரி பயின்றவர். அடவு கல்லாத உடலிலும் அந்த அசைவுகள் வேர் பிடித்தன. சந்திரலேகா அம்மையார் 2006ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அதன் பிறகும் அவ்விருவரும் ‘சரீரா’வை மேடையேற்றி வந்தார்கள்.