கண்ணாடி கற்பித்த பாடம்

கூனி அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "நிமிர்ந்து இரு" என்று பெரியோர் கடிந்துகொள்வது வழக்கம். பிள்ளையும் நெஞ்சை முன்தள்ளித் தோள்களைப் பின்னிழுத்து விறைப்பாக இருக்கும். சற்று நேரம் சென்றதும் பழைய கூனல் திரும்பிவிடும். இஃது ஏன் நிகழ்கின்றது? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் மருத்துவருமல்லர், உடற்பயிற்சி ஆசிரியருமல்லர். மேடையிலே நாடக வசனம் பேசிப் பிழைத்த ஒருவர்.

பிரெடரிக் மத்தயஸ் அலெக்சாந்தர் 1869ஆம் ஆண்டு தஸ்மேனியாத் தீவிற் பிறந்தவர். சேக்ஸ்பியரின் நாடகப் பகுதிகளை அவையோர் முன் உணர்ச்சியோடு பேசிக் காட்டுவது அவர் தொழில். அத்தொழிலுக்கு முதலாகிய குரலே அவரைக் கைவிடத் தொடங்கிற்று. மேடையிற் குரல் கம்மியது. வைத்தியர் சொற்படி ஓய்ந்திருந்தால் குணமாயிற்று. மீண்டும் மேடையேறினால் மீண்டும் கம்மியது. பேசாதிருக்கும்போது இல்லாத நோய் பேசும்போது வருமாயின், பேசும் முறையிலேயே ஏதோ பிழை இருத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார்.

அப்பிழையைக் காணக் கண்ணாடியின் முன் நின்று பேசினார். வசனத்தைத் தொடங்கியதும் தலை பின்னே இழுபட்டது, குரல்வளை அமுங்கியது, மூச்சு வாய்வழியே ஓசையுடன் உட்புகுந்தது. மேலும் நோக்கியபோது, நெஞ்சு உயர்ந்து, முதுகு வளைந்து, உடல் முழுவதுமே குறுகுவதையும் கண்டார். குரலின் கேடு தொண்டையளவில் நிற்கவில்லை.

பிழையைக் கண்டபின் திருத்துவது எளிதென்றே அவர் கருதினார். தலையை முன்செலுத்திப் பேசினார். அவ்வாறே பேசுவதாக உணர்ந்தார். ஆனால், தலை முன்னிலும் பின்னே சாய்ந்திருப்பதைக் கண்ணாடி காட்டியது! நெடுநாட் பழகிய கோணலே நேராகத் தோன்றும். உண்மையான நேர்மை கோணலாகத் தோன்றும். ஆதலால், தன் உணர்வையே அளவுகோலாகக் கொண்டு நிமிர முயல்பவன் பழைய பிழையையே மிகுவிக்கிறான்.

ஆகவே அவர் வேறு வழி கண்டார். பேச வேண்டும் என்ற எண்ணம் எழுந்தவுடன் பேசிவிடாது சற்றே நிறுத்துதல். கழுத்தின் இறுக்கத்தை விடுதல். தலை முன்னும் மேலுமாக எழவும், முதுகு நீண்டு அகலவும் இடங்கொடுத்தல். பல்லாண்டுப் பயிற்சியின் பயனாகக் குரல் மீண்டது.

1904இல் அவர் இலண்டன் சென்று பிறருக்கும் இம்முறையைக் கற்பித்தார். நாற்காலியிலிருந்து எழுவதும் அமர்வதுமே பாடம். ஆசிரியரின் கைகளே வழிகாட்டி. பேர்னாட் சோ, அல்டஸ் ஹக்ஸ்லி, அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜோன் டூயி ஆகியோர் அவரிடம் பயின்றனர். எதிர்ப்பும் இருந்தது. அவரைப் போலி என்று பழித்த தென்னாபிரிக்கக் கட்டுரை ஒன்று வழக்காயிற்று. 1948இல் ஆயிரம் பவுண் நட்டஈடு அவருக்குக் கிடைத்தது. எனினும் நீதிமன்றத் தீர்ப்பு மருத்துவச் சான்றாகாது. 1955இல் அவர் காலமானார்.

1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கியல் அறிஞர் நிக்கோ ரின்பேர்கன், தமது பரிசுப் பேருரையில் இம்முறையை விரிவாகப் பாராட்டினார். நீடித்த முதுகுவலியுடைய 579 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்த சோதனையின் முடிவுகள் 2008இல் வெளியாயின. 24 பாடங்கள் பயின்றோருக்கு, ஓராண்டின் பின்னரும் வலியுள்ள நாட்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்பது இதனாற் பெறப்படாது; முதுகுவலிக்குப் பயனுண்டு என்பது பெறப்படும்.

"நிமிர்ந்து இரு" என்ற கட்டளை தோற்பதன் காரணம் இப்போது விளங்கும். விறைப்பு நிமிர்வன்று. உடலைக் கோணச் செய்யும் பழக்கத்தை நிறுத்தினாலன்றி நிமிர்வு நிலைபெறாது.